கும்பகோணத்தில் கழிந்த இரண்டு வருடம்

கேள்வி:

வணக்கம் மேடம். என் கணவரின் வேலைக்காக 2007-இல் தென்னாப்பிரிக்கா வந்தோம். மகள் 2008 ஆகஸ்டில் டர்பனில் பிறந்தாள். அப்போது எங்களிடம் இருந்தது வேலை அனுமதி மட்டும்தான். அவள் பிறந்ததை ஹோம் அஃபேர்ஸிலும் (இங்கே உள்துறை அலுவலகம்) இந்தியத் தூதரகத்திலும் உடனே பதிந்துவிட்டோம். 2011 ஜூனில் நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததால், அவளைக் கும்பகோணத்தில் என் அம்மாவிடம் விட்டோம். பிரீகேஜியும் எல்.கே.ஜி.யும் அங்கேதான் படித்தாள். 2012-இல் மகன் ஊரில் பிறந்தான். 2013 மே மாதம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அதன்பின் விடுமுறைக்குத் தவிர எங்கும் போனதில்லை. 2019-இல் நால்வருக்கும் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, கிடைத்தது. இப்போது ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறோம். மகளுக்கு 16 வயதில் ஐடி புத்தகமும் வந்துவிட்டது.

வருகிற ஆகஸ்டில் அவளுக்கு 18 முடிகிறது. இங்கேயே பிறந்தவள், ஐடியும் இருக்கிறது, அப்படியானால் குடியுரிமை தானாக வந்துவிடும்தானே என்று இருந்தோம். தெரிந்தவர் ஒருவர், 'பிறந்ததிலிருந்து 18 வரை இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும், அந்த இரண்டு வருடத்தைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும், பழைய பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்' என்கிறார். நான் அவளை ஊரில் விட்டதால்தானே இந்த நிலைமை என்று தூக்கமே வருவதில்லை. அவளோ, மேல்படிப்புக்கு இந்தியா போகலாமா என்று யோசிக்கிறாள். என் கணவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமில்லை. நாங்கள் என்ன செய்வது?

— ஒரு தாய், மிட்ராண்ட்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. பழைய பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். இன்னொன்று, நீங்கள் தூங்கலாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த இரண்டு வருடம் உங்கள் மகளின் வழியை அடைக்கவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கதவு ஒன்று, அவளுக்காகத் திறந்திருக்கும் கதவு வேறு.

ஐடி புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். அதை எடுத்து அந்த 13 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். பதினோராவது இலக்கத்தின் மேல் விரலை வையுங்கள். அங்கே 0 இருந்தால் குடிமகள், 1 இருந்தால் நிரந்தர வசிப்புரிமை பெற்றவள். உங்கள் மகளின் எண்ணில் 1 இருக்கும். இந்த ஒற்றை இலக்கத்தைக் காட்டும்போது என் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரின் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பி.ஆர். உள்ள பிள்ளைகளுக்கும் 16 வயதில் ஐடி தருவார்கள். ஆனால் ஐடி வேறு, குடியுரிமை வேறு. ஓட்டுப் போட முடியாது, தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டும் கிடைக்காது.

இங்கே பிறந்தால் போதும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் பழைய தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கிறோம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் வந்து நின்றதிலிருந்து ஆரம்பிக்கிறது அவர்கள் கதை. கோயிலில் பேசிக்கொண்டிருக்கும்போது, 'நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள், அதனால் குடிமக்கள்' என்று சொல்வார்கள். சொல்வது உண்மைதான், காரணம்தான் வேறு. இப்போதுள்ள 1995-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, பிள்ளை பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவர் தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகன். எந்த நாட்டில் பிறந்தாலும் சரி. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வருகிறது. நம்மைப் போலப் பின்னால் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, பிறந்த இடம் மட்டும் எதையும் தந்துவிடாது.

அந்தப் பழைய குடும்பங்களுக்கும் இது சும்மா வந்துவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மேல் நேட்டாலில் (டர்பன் இருக்கும் பகுதி) வருடத்துக்கு 3 பவுண்டு வரி போட்டார்கள். பிறகு அவர்களின் பிள்ளைகள் மேலும் போட்டார்கள், பையன் என்றால் 16 வயதிலிருந்து, பெண் என்றால் 13 வயதிலிருந்து. அந்த வரி 1914-இல்தான் நீங்கியது. காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்துபோன வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். தில்லையாடி என்பது அவள் பெற்றோர் வழி ஊர். நம் பிள்ளைகளைப் போலவே வந்தேறிய வீட்டில் பிறந்தவள். உங்கள் மகளைவிட ஒரு வயது சிறியவள். ஒவ்வொரு முறை ஒரு பிள்ளையின் கோப்பைத் திறக்கும்போதும் எனக்கு அவள் நினைவு வரும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்ன விதி உண்மையில் இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தில் 2010-இல் திருத்தப்பட்டு 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பகுதி அது. அதில் இரண்டு வகை உண்டு. பெற்றோர் பி.ஆர். பெற்ற நிலையில் இங்கே பிறந்த பிள்ளை ஒரு வகை. பெற்றோருக்குக் குடியுரிமையோ பி.ஆரோ இல்லாத நிலையில் இங்கே பிறந்த பிள்ளை இன்னொரு வகை. உங்கள் மகள் பிறந்தபோது உங்களிடம் வேலை அனுமதிதான் இருந்தது, ஆகவே அவள் இரண்டாவது வகை, அதாவது 4(3) பிரிவு. இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: பிறப்பு முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும், பிறந்த நாளிலிருந்து 18 வயது முடியும்வரை இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். 2013-க்கு முன் பிறந்தவர்களுக்கு இது பொருந்தாது என்று அரசு தரப்பு வாதாடிப் பார்த்தது. 2018 நவம்பர் 30 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அலி வழக்கில் அதை ஏற்கவில்லை. அதனால் 2008-இல் பிறந்த உங்கள் மகளையும் இந்தப் பிரிவு விலக்கிவைக்காது. விதிமுறைகளும் படிவமும் இல்லை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது, வரும்வரை பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தால் வாங்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

சிக்கல் 'வாழ்ந்திருக்க வேண்டும்' என்ற வார்த்தையில்தான். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஆறு வாரம் ஊருக்குப் போய்வந்தால் வாழ்வது அறுந்துபோகாது. ஆனால் இரண்டு வருடம் பாட்டி வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனது அப்படி அல்ல. பெற்றோரின் வீடு இங்கேதான் இருந்தது, மூன்று வயதுப் பிள்ளைக்கு வீடு என்பது பெற்றோரின் வீடுதான், பாட்டியிடம் விட்டது தற்காலிகம்தான் என்று வாதாட இடம் இருக்கிறது. நானே வாதாடுவேன். ஆனால் ஜெயிப்போம் என்று உறுதி கொடுக்க மாட்டேன். வேறு வழியே இல்லாத பிள்ளைக்கு இந்த வாதத்தை நான் நம்பிப் போயிருப்பேன். உங்கள் மகளுக்கு அந்தத் தேவை இல்லை.

அவளிடம் 2019-இலிருந்து பி.ஆர். இருக்கிறது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. 18 வயது ஆன, பி.ஆர். உள்ள ஒருவர், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக 5 ஆண்டுக்குக் குறையாமல் இங்கே வசித்து வந்திருந்தால், சாதாரண வழியிலேயே குடியுரிமை கேட்கலாம். அந்த வழியில் கணக்கைப் பின்னோக்கித்தான் எண்ணுவார்கள். வருகிற ஆகஸ்டிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போங்கள். பி.ஆர். வந்தே ஏழு வருடம் ஆகிறது. பத்து வருடம் பின்னால் போனால்கூட 2016, அப்போது அவள் இங்கே ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். 2011-க்கும் 2013-க்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை. நீங்கள் தூக்கம் கெட்டுப் பயந்துகொண்டிருந்த இரண்டு வருடத்தை இந்த வழியில் யாரும் குறையாகப் பார்க்கப்போவதில்லை.

இப்போது பாஸ்போர்ட் விஷயம். தேவையே இல்லாத ஒரு பொய்யைச் சொல்லி, இருக்கிற நல்ல வழியையும் கெடுத்துக்கொள்ளும்படி உங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவர் மேல் கோபமில்லை. ஆனால் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் குத்தும் ஒவ்வொரு முத்திரைக்கும் அரசின் கணினியில் ஒரு பதிவு விழுகிறது. பாஸ்போர்ட் தொலையலாம், அந்தப் பதிவு தொலையாது. பொய்யைச் சொல்லியோ முக்கியமான ஒன்றை மறைத்தோ வாங்கிய குடியுரிமைச் சான்றிதழைப் பிறகு எப்போது தெரியவந்தாலும் அமைச்சர் பறிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்தே பொய் எழுதிக் கொடுப்பது குற்றமும்கூட. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப்போவது யார்? 18 வயது ஆன உங்கள் மகள். அவள் பெரியவளாகிப் போடும் முதல் கையெழுத்து பொய்யின் கீழே இருக்கக் கூடாது.

என்னிடம் வந்த ஒரு பையன் இப்படித்தான் ஒரு வருடத்தை மறைத்து எழுதியிருந்தான். யாரோ சொல்லிக்கொடுத்தது. அந்த ஒரு வருடத்தைச் சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம், மறைத்ததைச் சமாளிப்பதற்குள் அவன் பட்டப்படிப்பே முடிந்துவிட்டது. 'உன் மற்ற காகிதங்களை மட்டும் நாங்கள் எப்படி நம்புவது?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே எந்த விண்ணப்பத்திலும் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள். போன தேதி, வந்த தேதி, யாரிடம் இருந்தாள், ஏன் இருந்தாள் என்று நான்கு வரி போதும்.

காகிதங்களை இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, பெற்றோர் பெரிய காகிதங்களைக் கொண்டுவருவார்கள், சின்னக் காகிதங்கள்தான் காரியத்தை முடிக்கும். பிள்ளை பிறந்ததும் கிளினிக்கில் கொடுத்த ரோட் டு ஹெல்த் புத்தகம் இருக்கிறதா? 6, 10, 14 வாரத்தில் போட்ட தடுப்பூசிகளின் தேதியும் நர்ஸின் கையெழுத்தும் அதில் இருக்கும். அந்தக் கையெழுத்துகள், இந்தப் பிள்ளை இந்தத் தேதியில் இந்த ஊரில் இருந்தாள் என்பதற்கான சாட்சி. ஒவ்வொரு வகுப்பு ரிப்போர்ட்டும், பள்ளி மாறியபோது வாங்கிய கடிதமும், மருத்துவக் காப்பீட்டு ரசீதுகளும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கொடுத்த சான்றிதழும் வேண்டும். வருடத்துக்கு ஒரு உறை போட்டு அடுக்குங்கள். அப்பா, அம்மா பாஸ்போர்ட்டுகளையும் பழையது புதியது எல்லாம் சேர்த்து வையுங்கள். பி.ஆர். சான்றிதழ்களின் அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், சான்றொப்பமிட்ட நகல் போதும்.

ஹோம் அஃபேர்ஸில் கொடுக்கப் போகும்போது, தேதியோடு ரசீது வாங்காமல் கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள். 'இந்த விண்ணப்பத்தை வாங்க மாட்டோம்' என்று ஓர் அலுவலகத்தில் என்னையே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் சண்டை போடாதீர்கள், மறுத்தவரின் பெயர், தேதி, நேரம் குறித்துக்கொண்டு வாருங்கள். நிராகரித்தால் 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ், லீகல் ரிசோர்ஸஸ் சென்டர் போன்ற அமைப்புகள் இந்த மாதிரி வழக்குகளைப் பணம் வாங்காமல் எடுத்து நடத்துகின்றன.

மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். அவன் கும்பகோணத்தில் பிறந்தவன். 18 வரை இங்கே வாழ்ந்தாலும் 4(3) பிரிவு அவனுக்குக் கிடையாது. ஆனால் பி.ஆர். உள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு ஐந்து வருடக் காத்திருப்பு கிடையாது. மகளுக்கும் ஆகஸ்டுக்கு முன் இப்படிச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அவளுக்கு ஆறு மாதம்தான் பாக்கி, அவளாகவே யோசித்துக் கேட்கட்டும் என்பது என் எண்ணம். ஏன் என்பதற்கு இந்தியப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 18 ஆனபின் ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். சிறு வயதில் இரண்டும் இருக்கும் பிள்ளை 18 முடிந்து ஆறு மாதத்துக்குள் மற்றதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமையை இழக்கும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் மகள் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அந்த முடிவு அவளுடையது. உங்களுடையதோ என்னுடையதோ இல்லை.

இந்தியக் குடியுரிமை போனால் இந்தியாவே போய்விட்டது என்று அழுகிறவர்கள் உண்டு. ஓ.சி.ஐ. அட்டை, அதாவது இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை, வாங்கிக்கொள்ளலாம். விசா இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டு கிடையாது. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. தாத்தாவின் நஞ்சை நாளைக்கு வாரிசு வழியில் அவள் பங்குக்கு வந்தால் வைத்துக்கொள்ளலாம். கும்பகோணத்துக் குடும்பம் என்பதால் இதைக் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்கக் குடியுரிமை கையில் வருவதற்கு முன் யாரும் அவசரப்பட்டு இந்தியக் குடியுரிமையைத் துறந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் எந்த நாடும் இல்லாமல் நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது. ஹோம் அஃபேர்ஸ் இது சம்பந்தமாக ஏதாவது கடிதம் கேட்டால், என்ன கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் கணவர் கவலைப்பட வேண்டாம். பிள்ளைகள் குடியுரிமை வாங்குவதற்காகப் பெற்றோர் இருவரும் பாஸ்போர்ட்டை விட வேண்டிய அவசியம் இல்லை. அவர் பி.ஆரிலேயே இருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு நிறப் பாஸ்போர்ட்டுகள் இருப்பது இங்கே சகஜம்.

மேல்படிப்புக்கு இந்தியா போவது பற்றித்தான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) இந்த வருடக் கடைசியில் முடிகிறது. ஆகஸ்டில் 18. அங்கே கல்லூரி தொடங்குவது அடுத்த வருடம் நடுவில். நடுவில் இருக்கும் இந்தச் சில மாதங்கள்தான் அவளுக்கு மிக வசதியான காலம். ஏனென்றால், தொடர்ச்சியாக வசித்தது என்ற கணக்கு இப்போது முழுதாக இருக்கிறது. நான்கு வருடம் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ படித்துவிட்டு வந்தால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடலாம். அப்புறம், மூன்று வருடத்துக்கு மேல் தொடர்ந்து இந்த நாட்டுக்கு வராமலே இருந்தால் பி.ஆரையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் விடுமுறைக்கு வந்து தங்கிவிட்டுப் போனால் அந்த இடைவெளி முறியும். ஆனால் பணம் இல்லை, பரீட்சை இருக்கிறது என்று வராமலே விட்டுவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் பி.ஆர். வழியில் பிள்ளைக்கு வந்த பி.ஆர். என்றால், பெரியவரானபின் அதை உறுதிசெய்யக் கேட்டு விண்ணப்பிக்கும் கடமையும், அதற்கு ஒரு காலவரையும் உண்டு. அவள் சான்றிதழில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, 18 முடிந்ததும் அதை ஒருவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

2024 ஏப்ரலில் அமைச்சரவை ஏற்ற வெள்ளை அறிக்கையில் குடியுரிமைச் சட்டத்தை மாற்றுவது பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதைக் கேட்டும் பயப்படாதீர்கள். வெள்ளை அறிக்கை சட்டம் அல்ல. விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் இருக்க அது இன்னொரு காரணம், அவ்வளவுதான்.

கடைசியாக, உங்கள் மேலேயே நீங்கள் சுமத்திக்கொண்ட குற்றம். வேலைக்குப் போகும் பெண், சின்னக் குழந்தை, உதவிக்கு ஆள் இல்லாத ஊர். அம்மாவிடம் விடாமல் வேறு என்ன செய்திருப்பீர்கள்? நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். உங்கள் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்றால், அது அந்த இரண்டு வருடத்தில் வந்ததாகத்தான் இருக்கும்.

உங்கள் அம்மாவிடம் போன் செய்து, அந்தப் பிரீகேஜி ரிப்போர்ட் கார்டு பீரோவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் பாட்டி கையெழுத்துப் போட்டிருப்பார். அதையும் ஒரு நகல் எடுத்து 2011 என்று எழுதிய உறையில் வையுங்கள்.